ஜார்ஜ் ஃபோர்மன் கிரில்: ஒரு ஹெவிவெயிட் சாம்பியன் தன் பெயரைக் கொடுத்த அடுப்பு

ஜார்ஜ் ஃபோர்மன் கிரில்லின் அடிப்படை மாடலில் சுவிட்ச் கிடையாது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகும் கிடையாது. பிளக்கைச் செருகினால் சூடேறத் தொடங்கும், பிடுங்கினால் நின்றுவிடும். தட்டுகள் சமையலுக்கு வேண்டிய சூட்டை எட்டிவிட்டதை மூடியின் மேலுள்ள சிறு விளக்கு தெரிவிக்கும். இத்தனை எளிய ஒரு மின்சாதனம், 1994இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்ததிலிருந்து உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அதன் மூடியில் பொறிக்கப்பட்டிருப்பது சமையற்கலைஞர் ஒருவரின் பெயரன்று. தொழில்முறைக் குத்துச்சண்டையில் 76 வெற்றிகளும் அவற்றில் 68 நாக் அவுட்டுகளும் கண்ட ஒருவரின் பெயர். அந்தப் பெயர் இல்லாமல் இக்கருவி இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்திருக்காது என்பதால், கருவியையும் பெயரையும் சேர்த்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

முதலில் கருவி. இதை உருவாக்கியவர் ஃபோர்மன் அல்லர். மைக்கேல் போஹம் என்ற அமெரிக்கர். வீட்டுக்குள் புகையில்லாமல் இறைச்சியை இருபுறமும் ஒரே நேரத்தில் வாட்ட வேண்டும், உருகி வரும் கொழுப்பு உணவிலேயே தேங்காமல் வெளியேற வேண்டும் என்பவை அவருடைய நோக்கங்கள். அதற்கு அவர் செய்தவை இரண்டு. தட்டுகளைக் கிடைமட்டமாக வைக்காமல் முன்பக்கம் சரியும்படி அமைத்தார்; கொழுப்பு, தட்டின் பள்ளங்கள் வழியே வழிந்து முன்னால் வைத்திருக்கும் சிறு தொட்டியில் விழும். மேல்தட்டைத் தாங்கும் கீலை ஓரிடத்தில் இறுக்காமல் மேலும் கீழும் நகரும்படி விட்டார். உள்ளே வைப்பது மெல்லிய மீன்துண்டானாலும் தடித்த பர்கர் வடிவ இறைச்சியானாலும் மேல்தட்டு அதன்மீது சீராக அமர்ந்துவிடும். விளம்பரங்கள் எத்தனையோ சொல்லலாம்; இந்தச் சாய்வும் இந்தக் கீலும்தான் இக்கருவியின் முழு மூலதனம். சால்ட்டன் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இந்த அமைப்பினால் கிடைக்கும் உண்மையான லாபம் நேரம். இரண்டு பக்கங்களிலிருந்தும் வெப்பம் பாய்வதால், வாணலியில் ஒரு பக்கம் வெந்தபின் மறுபக்கம் திருப்பிப் போடும் வேலை இல்லை. சமைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிறது. மீனுக்கு இது பெரிய வரம். திருப்பும்போதுதான் மீன் உடையும், தோல் கிழியும், பாதி சதை வாணலியோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பவே தேவையில்லாத இடத்தில் இவை எதுவும் நேர்வதில்லை. சால்மன் போன்ற கொழுப்புள்ள மீனை இதில் வாட்டுவதை, அடுப்பில் வாட்டுவதைவிட மேலானதாகவே நான் கருதுகிறேன். கொழுப்புக் கலந்த அரைத்த இறைச்சியில் தட்டிய பர்கர், சாசேஜ், எலும்பில்லாத கோழித் தொடை ஆகியவையும் நன்றாக வருகின்றன. காய்கறிகளில் கத்தரிக்காய் வட்டங்களும் குடைமிளகாயும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுடன் நன்றாக வாடும்; வெங்காய வளையங்கள் சரிவில் நழுவிப் போக்குக் காட்டும். முட்டையையோ மாவையோ ஊற்ற நினைப்பவர்கள் சாய்வை மறந்துவிட்டார்கள் என்று பொருள்; அவை நேரே தொட்டிக்குப் போய்ச் சேரும்.

கோழி நெஞ்சுக்கறி வேறு கதை. கொழுப்பே இல்லாத இறைச்சியிலிருந்து கொழுப்பை வடிக்க முடியாது. வடிவது அதன் சாறுதான். மேல்தட்டின் எடை வேறு அதன்மீது அழுத்திக்கொண்டிருப்பதால், ஓரிரு நிமிடம் கூடினாலும் நார் நாராக வறண்டுவிடும். இறைச்சி வெப்பமானி ஒன்று வைத்துக்கொண்டு, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்ட உடனே எடுத்துவிடுவதே இதற்கு வழி. இருபுறமும் வேகும் கருவியில் கண்ணால் பார்த்துப் பதம் சொல்வது கடினம்; மேற்பரப்பில் கோடுகள் அழகாகப் பதிந்திருக்கும்போதே உள்ளே பச்சையாக இருப்பதும் உண்டு, கோடுகள் வெளிறியிருக்கும்போதே உள்ளே வெந்து முடிந்திருப்பதும் உண்டு.

இனி, இக்கருவியைப் புகழின் உச்சியில் ஏற்றிய அந்த வாக்குறுதி: கொழுப்பைக் குறைக்கும் இயந்திரம் என்பது. இது பொய்யன்று, ஆனால் விளம்பரம் காட்டிய அளவுக்கு முழு உண்மையுமன்று. கொழுப்பு மிகுந்த இறைச்சி எப்படிச் சூடேற்றினாலும் கொழுப்பை உருக்கி வெளியேற்றும். வாணலியில் வாட்டினாலும், இறைச்சியை எடுத்துத் தாளில் வைத்துவிட்டு எண்ணெயைக் கொட்டிவிட்டால் ஏறத்தாழ அதே பலன்தான். சாய்வுத் தட்டு செய்வது, நாம் மறந்தாலும் அந்த வேலையை நமக்காகச் செய்து முடிப்பது; கூடவே, சமைக்க எண்ணெய் தேவைப்படாமல் செய்வது. தொட்டியில் சேர்ந்த திரவம் முழுவதும் கொழுப்பு என்று மகிழ்ந்துவிடவும் கூடாது. அதை ஆறவைத்துப் பார்த்தால் மேலே வெண்மையாக உறைவது மட்டுமே கொழுப்பு, அடியில் பழுப்பாக நிற்பது இறைச்சியின் நீரும் சாறும் என்பது கண்ணுக்கே தெரியும். அந்தத் தொட்டியைப் பெருமிதத்தோடு கேமராவுக்குக் காட்டிய விளம்பரங்கள் இந்தப் பிரிவினையைப் பற்றிப் பேசியதில்லை.

ஆனாலும் கோடிக்கணக்கானவர்கள் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்பதற்கான விடை, கருவிக்குள் இல்லை. அதைக் காட்டிச் சிரித்த மனிதரிடம் இருக்கிறது.

ஜார்ஜ் ஃபோர்மன் 1949 ஜனவரி 10 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் பிறந்து, ஹியூஸ்டனின் ஐந்தாவது வார்டு என்ற ஏழ்மையான பகுதியில் வளர்ந்தார். பள்ளியை விட்டு, தெருவில் வழிப்பறி செய்து திரிந்த இளைஞர் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வறுமையிலுள்ள இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்க அமெரிக்க அரசு தொடங்கியிருந்த ஜாப் கோர் திட்டத்தில் சேர்ந்ததும், கலிஃபோர்னியாவில் அதன் முகாமிலிருந்த பயிற்சியாளர் டாக் பிராடஸ் அவரைக் குத்துச்சண்டைப் பக்கம் திருப்பியதும்தான் அவர் வாழ்வின் முதல் திருப்பம். சில ஆண்டுகளிலேயே, 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில், சோவியத் வீரர் யோனாஸ் செபுலிஸை வீழ்த்தி ஹெவிவெயிட் தங்கத்தை வென்றார். மறு ஆண்டே தொழில்முறைக்கு வந்தார்.

அந்த முதல் ஃபோர்மன் யாருக்கும் எதையும் விற்றிருக்க முடியாது. தன்னோடு பயிற்சியில் மோதிய முன்னாள் உலக சாம்பியன் சன்னி லிஸ்டனைப் போலவே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, பத்திரிகையாளர்களுக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி, எதிராளியைப் பார்வையாலேயே நடுங்கவைத்தவர் அவர். 1973 ஜனவரி 22 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே அறியாத, முகமது அலியையும் வென்றிருந்த ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளுக்குள் ஆறு முறை தரையில் வீழ்த்தி உலக சாம்பியனானார். பட்டத்தைக் காக்க டோக்கியோவில் ஹோசே ரோமானோடு மோதிய ஆட்டம் முதல் சுற்றிலும், காரகாஸில் கென் நார்ட்டனோடு மோதிய ஆட்டம் இரண்டாம் சுற்றிலும் முடிந்தன. மூன்று பட்டப் போட்டிகள், கூட்டிப் பார்த்தால் ஐந்து சுற்றுகள்! இந்தப் பலமே அவருக்குப் பலவீனமாகவும் வளர்ந்துகொண்டிருந்தது. நீண்ட நேரம் போரிட்டால் தன் மூச்சையும் கைகளையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பதைக் கற்றுக்கொள்ள அவருக்கு வாய்ப்பு அரிதாகவே வந்தது.

அந்தப் பாடத்தை 1974 அக்டோபர் 30 அன்று, அன்றைய ஜயீரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின்) கின்ஷாசா நகரில், அலி கற்பித்தார். ஃபோர்மன் அங்கே ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு வந்திறங்கினார். பெல்ஜியக் காலனி ஆட்சியின் காவல் நாய்களை மறந்திராத மக்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. அரங்கம் முழுவதும் அலியின் பக்கம் நின்றது. அலி கயிறுகளில் சாய்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, கைகளிலும் விலாவிலும் விழுந்த அடிகளைத் தாங்கிக்கொண்டு, எதிராளி களைக்கும்வரை காத்திருந்தார். எட்டாவது சுற்றில் களைத்துப்போன ஃபோர்மனை ஒரு தொடர் தாக்குதலில் வீழ்த்தினார். அதுவரை 40 போட்டிகளில் 40 வெற்றி கண்டிருந்தவருக்கு அதுவே முதல் தோல்வி. கயிறுகள் தளர்த்தப்பட்டன, இன்னும் பலவும் நடந்தன என்று அப்போது குறைகூறிய ஃபோர்மன், பின்னாளில் அலியின் நெருங்கிய நண்பராகி, தன்னை வென்றவர் தன்னைவிடச் சிறந்தவர் என்று மனமாரச் சொல்லக்கூடியவராகவும் ஆனார். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் கிரில் விற்ற கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

மாற்றம் நிகழ்ந்தது 1977 மார்ச்சில். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஜிம்மி யங்கிடம் 12 சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் தோற்றபின், உடை மாற்றும் அறையில் வெப்பத்தாலும் சோர்வாலும் உடல் தளர்ந்து கிடந்தபோது தான் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியதாகவும், அங்கே இறைவனை உணர்ந்ததாகவும் அவர் சொன்னார். 28 வயதில் கையுறைகளைக் கழற்றிவிட்டு ஹியூஸ்டனில் போதகரானார். பின்னர் இளைஞர்களுக்காக ஒரு சமூக மையத்தையும் தொடங்கினார். பத்து ஆண்டுகள் அவர் யாரையும் அடிக்கவில்லை. அந்த மையத்தை நடத்தப் பணம் வேண்டியிருந்ததால்தான் 1987இல் மீண்டும் களத்துக்கு வந்தார். தலையை மழித்து, உடல் பருத்து, 38 வயதில் வந்தவரைப் பார்த்துப் பலரும் சிரித்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். சீஸ்பர்கர் மீது தனக்குள்ள ஆசையைப் பத்திரிகையாளர் சந்திப்புகளில் அவரே வேடிக்கையாக்கினார். முன்பு முறைத்தே பயமுறுத்தியவர், இப்போது தொலைக்காட்சியில் மெய்னெக்கி நிறுவனத்தின் கார் சைலன்சர்களை விற்றுக்கொண்டிருந்தார்.

வேடிக்கைக்குப் பின்னால் தீவிரமான பயிற்சி இருந்தது என்பது 1991 ஏப்ரலில் தெரியவந்தது. அட்லாண்டிக் சிட்டியில் அன்றைய உலக சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டிடம் தோற்றார்தான். ஆனால் 42 வயதில் 12 சுற்றுகளும் நின்று தாக்குப்பிடித்தார். கின்ஷாசாவில் எட்டாம் சுற்றைத் தாண்டாதவர், சுற்றுகளுக்கிடையே மூச்சைச் சேமிக்கவும் தன் இடது ஜாபை (கையை நேராக நீட்டி விடும் விரைவுக் குத்தை) நம்பிக் காத்திருக்கவும் கற்றுவிட்டிருந்தார். 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில் அன்றைய உலக சாம்பியன் மைக்கேல் மூரரோடு மோதியது அந்தக் காத்திருப்பின் உச்சம். 45 வயதுக்காரரை இந்தப் போட்டிக்கு அனுமதிக்க உலகக் குத்துச்சண்டைச் சங்கமான டபிள்யூபிஏ முதலில் மறுத்ததும், ஃபோர்மன் நீதிமன்றம் சென்றே வாய்ப்பைப் பெற்றதும் தனிக் கதை. மூரருக்கு வயது 26. ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் கணக்கிலும் மூரரே முன்னிலையில் இருந்தார். பத்தாம் சுற்றில் ஃபோர்மன் விட்ட ஒரு குறுகிய நேர் வலது குத்து மூரரின் தாடையில் விழுந்தது. நடுவர் பத்து எண்ணி முடித்தார். கின்ஷாசாவில் அணிந்திருந்த அதே சிவப்பு அரைக்கால்சட்டையை அன்று அவர் அணிந்திருந்தார். கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ இப்போது இவருடைய மூலையில் நின்றார். பட்டத்தை இழந்து 20 ஆண்டுகளுக்குப் பின், உலகின் மிக வயதான ஹெவிவெயிட் சாம்பியன் என்ற பெருமையோடு அதை மீட்டார்.

கிரில் சந்தைக்கு வந்ததும் அதே 1994தான். சால்ட்டன் அனுப்பிய மாதிரிக் கருவியை ஃபோர்மன் முதலில் கண்டுகொள்ளவில்லை என்றும், அதில் சமைத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் அவர் மனைவிதான் என்றும் அவரே பலமுறை கூறியிருக்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தானது. விளம்பரத்தில் வாட்டிய பர்கரைக் கடித்தபடி சிரித்த மனிதர், தான் குண்டாக இருப்பதை மறைக்காதவர், சாப்பிடுவதில் உள்ள ஆசையைக் குற்றமாக்காதவர். மெலிந்த உடலோடு வந்து உணவுக் கட்டுப்பாட்டைப் போதிப்பவர்களை விட, பர்கரை விடாமலேயே அதன் கொழுப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று சொன்ன இந்த மனிதரின் பேச்சு வீடுகளில் எடுபட்டதில் வியப்பில்லை. தன் ஐந்து மகன்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர் வைத்தவர், ஒரு சமையல் கருவிக்கும் அதே பெயரைக் கொடுத்ததைச் சிலர் கேலி செய்தார்கள். அந்தக் கேலியும் விற்பனைக்கே உதவியது. 1999இல் சால்ட்டன் நிறுவனம், ராயல்டி கொடுத்துக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக, அவருடைய பெயரைப் பயன்படுத்தும் உரிமையை மொத்தமாக 13.75 கோடி டாலர் மதிப்பில் வாங்கிக்கொண்டது. களத்தில் ரத்தம் சிந்திச் சம்பாதித்ததைவிட அதிகமாக அவர் இந்த அடுப்பில் சம்பாதித்தார் என்று சொல்லப்படுவது மிகையன்று. 1997 நவம்பரில் ஷானன் பிரிக்ஸிடம் புள்ளிக்கணக்கில் தோற்றதே அவரது கடைசிப் போட்டி. 81 போட்டிகள், ஐந்தே தோல்விகள். 2025 மார்ச் 21 அன்று, 76 வயதில், அவர் மறைந்தார்.

பிரபலங்களின் பெயர் தாங்கிய பொருட்களில் பெரும்பாலானவற்றில் பெயரே பொருளைவிடப் பெரிதாக இருக்கும். இங்கே அப்படியில்லை என்பதே என் கணிப்பு. பெயருக்குரியவர் தன் இரண்டாம் வரவில் காட்டியது அளவறிந்த உழைப்பு. கருவியும் அதைத்தான் செய்கிறது. இதனிடம் அசுரப் பலத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். சிறிய மாடல்களின் மின்திறன் குறைவு. கனமான இரும்பு வாணலியில் கிடைக்கும் ஆழ்ந்த பழுப்பு மேற்புறம் இதில் வராது. மூடிய தட்டுகளுக்கிடையே ஆவி தேங்குவதால், இறைச்சி பாதி வாடியும் பாதி ஆவியில் வெந்தும் வரும். ஸ்டேக்கின் மேல்மொறுமொறுப்புக்காக ஏங்குபவர் இதை வாங்கவே வேண்டாம். இறைச்சியைச் சமைக்குமுன் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, விளக்கு காட்டியபின்னும் சற்று நேரம் கூடுதலாகச் சூடேறவிட்டு வைத்தால் பழுப்பு ஓரளவு கூடும்; அதற்குமேல் எதிர்பார்க்க இயலாது.

சுத்தம் செய்வதைப் பற்றிச் சொல்லாமல் எந்தக் கிரில் மதிப்புரையும் முடியக்கூடாது. தட்டுகள் கழற்ற முடியாத மாடலை நீரில் அமிழ்த்தக் கூடாது; பள்ளங்களில் காய்ந்த எச்சத்தை மறுநாள் சுரண்டுவது எரிச்சலான வேலை. இதற்கு ஒரே வழி, சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இளஞ்சூடு இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த தடித்த காகிதத் துண்டை உள்ளே வைத்து மூடிவிட்டுச் சாப்பிடப் போவதுதான். எழுந்து வரும்போது ஆவி எச்சத்தைத் தளர்த்தியிருக்கும். ஒரு துடைப்பில் போய்விடும். உலோகக் கரண்டியோ இரும்பு நாரோ நான்-ஸ்டிக் பூச்சைத் தொடவே கூடாது. பூச்சு உரியத் தொடங்கிவிட்டால் இந்தக் கருவியின் ஆயுள் முடிந்ததாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் கழற்ற முடியாத தட்டை மாற்றவும் வழியில்லை. பின்னாளில் வந்த, தட்டுகளைக் கழற்றிக் கழுவக்கூடிய, வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய மாடல்கள் இந்த இரு குறைகளையும் தீர்த்திருக்கின்றன. அவற்றில் விலை சற்றுக் கூடும், இடமும் அதிகம் பிடிக்கும். இருந்தாலும் வாரத்துக்குச் சில முறையாவது பயன்படுத்தப் போகிறவர் கழற்றும் தட்டு மாடலையே வாங்கட்டும்.

யாருக்கு ஏற்றது என்றால், தனியாகவோ இருவராகவோ வாழ்ந்து, வேலை முடிந்து வந்து விரைவாக ஒரு மீன்துண்டையோ கோழித் தொடையையோ வாட்டிச் சாப்பிட நினைப்பவர்களுக்கு. அடுப்பு வசதியில்லாத, ஆனால் மின்சாதனங்களை அனுமதிக்கும் அறைகளில் தங்கியிருப்பவர்களுக்கு. எண்ணெய் தெறிப்பதற்கு அஞ்சும் புதிய சமையற்காரர்களுக்கு. நான்கைந்து பேருக்குச் சமைப்பவர்கள் சிறிய மாடலில் தொகுதி தொகுதியாக வாட்டிக்கொண்டிருக்க நேரும், முதல் தொகுதி ஆறியபின்தான் கடைசித் தொகுதி தட்டுக்கு வரும். அவர்களுக்குப் பெரிய மாடலோ அகலமான வாணலியோ போதும். பழைய கருவி ஒன்றைக் கைமாற்றாக வாங்குபவர்கள், விலை பேசுமுன் மூடியைத் திறந்து பூச்சையும், மேல்தட்டு தாராளமாக மேலெழும்பிக் கீழிறங்குகிறதா என்பதையும், கொழுப்புத் தொட்டியும் பள்ளங்களுக்குப் பொருந்தும் அந்தப் பிளாஸ்டிக் சுரண்டியும் உடன் வருகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் முதலில் தொலைவது அந்தத் தொட்டிதான்.